அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் 5400

காஞ்சிபுரத்து நெசவு வீடுகளில் ‘அட்டை’ என்றால் இன்றைக்கும் ஜக்கார்டு அட்டைதான். ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி மேலே போகும், இல்லாத இடத்தில் போகாது. அட்டையில் என்ன குத்தியிருக்கிறதோ அதுதான் சேலையில் விழும். இந்தப் பதிவு வேறொரு அட்டையைப் பற்றியது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்குள் செருகும் வைஃபை கார்டு, அது வரும் பெட்டி, அந்தப் பெட்டியின் முகப்பில் அச்சிட்டிருக்கும் நாலு வரி. நாவலுக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். சில ஆயிரம் ரூபாயை நம் பையிலிருந்து எடுக்க வைக்கும் இந்த நாலு வரிக்கும் ஒன்று எழுதலாம், தப்பில்லை.

எழுதக் காரணம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர். சேலைக்கு டிசைன் போட்டுத் தருபவர். கையில் வரைந்த கோட்டுப்படம் வாட்ஸ்அப்பில் வரும். அதைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மாற்றி, அட்டை குத்தக் கொடுப்பார். நாலாம் தலைமுறை ஐ3 போட்ட அசெம்பிள்டு மெஷின், விண்டோஸ் 10. சென்னை தி.நகரில் இருக்கும் கடைக்காரர் வீடியோ காலில் டிசைனைப் பார்த்து “இந்த மாங்காவைக் கொஞ்சம் பெரிசாக்கு, அந்தக் கொடியை எடு” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து நின்றுவிடும். இரண்டு மூன்று தடவை அப்படி ஆனதும் கடைக்காரர் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். தீபாவளி ஆர்டர் நேரம். “தம்பி, 5400 வாங்கினா போதுமா? இல்ல 9300ன்னு ஒண்ணு வந்திருக்காமே, அதுவா?” இதுதான் அவர் கேட்ட கேள்வி.

கேள்வியே பெட்டியின் மொழியில் இருக்கிறது பாருங்கள். அவருக்கு வேண்டியது அறுந்து போகாத ஒரு கால். அவர் கேட்டது ஒரு எண். இந்த மாற்றத்தைச் செய்துவிட்டதுதான் அந்தப் பெட்டியின் சாதனை.

சரி, 5400ஐப் பிரித்துப் பார்ப்போம். ‘ஏஎக்ஸ்இ5400’ என்று விற்கும் கார்டுகள் மூன்று அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் விநாடிக்கு 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 2402, 6 கிகாஹெர்ட்ஸில் இன்னொரு 2402. கூட்டினால் 5378. கொஞ்சம் மேலே தள்ளி 5400. சிக்கல் என்னவென்றால், இந்தக் கார்டு ஒரு நேரத்தில் ஒரே அலைவரிசையில்தான் ரூட்டரோடு இணையும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு வாலாஜாபாத் வழியாகவும் போகலாம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகவும் போகலாம். இரண்டு பஸ்ஸின் வேகத்தையும் கூட்டி, “நான் மணிக்கு 120ல் போவேன்” என்று யாராவது சொன்னால் சிரிப்போம். பெட்டியில் அச்சடித்தால் வாங்குகிறோம்.

ரூட்டரின் பெட்டியிலும் இதே கூட்டல் உண்டு. ஆனால் ரூட்டர் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் பல கருவிகளோடு பேசுவது, அதனால் அங்கே அந்தக் கூட்டலுக்குப் பாதியாவது அர்த்தம் இருக்கிறது. கார்டுக்கு அதுவும் கிடையாது. இதற்கு ஒரு நல்ல சாட்சி, சிப் செய்தவரே. 5400 என்று எழுதிய பல பெட்டிகளுக்குள் இருப்பது இன்டெலின் ஏஎக்ஸ்210 சிப். அந்தச் சிப்புக்கு இன்டெல் தன் விவரப் பக்கத்தில் கொடுத்திருக்கும் உச்ச வேகம் 2.4 கிகாபிட். சிப் செய்தவர் 2400 என்கிறார், அதே சிப்பை வாங்கி ஒரு பச்சைப் பலகையில் பொருத்தி இரண்டு ஆன்டெனா மாட்டியவர் 5400 என்கிறார். நடுவில் எங்கேயும் வேகம் கூடவில்லை.

இப்போது அந்த மூன்றாவது பங்குக்கு வருவோம், 6 கிகாஹெர்ட்ஸ். இங்கேதான் பெட்டி நம் ஊர்ச் சட்டத்தை மறந்துவிட்டுப் பேசுகிறது. அமெரிக்கா 2020 ஏப்ரலில் 6 கிகாஹெர்ட்ஸில் 1200 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்துவிட்டது. இந்தியக் கணக்கு வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கிடைத்தது 2005ல். 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் தாராளமாகக் கிடைத்தது 2018 அக்டோபரில். 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பாதியை, 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸை, குறைந்த சக்தியில் பயன்படுத்த அனுமதிக்கும் வரைவு விதிகளே 2025 மே மாதம்தான் வந்தன. ஆனால் 6 கிகாஹெர்ட்ஸ் கார்டுகள் அதற்கு நாலு வருடம் முன்பிருந்தே இங்கே விற்பனையில் இருக்கின்றன. அத்தனை வருடமும் அந்த 2402, இந்த நாட்டில் பயன்படுத்த அனுமதி இல்லாத ஒரு வேகம். அதைக் கூட்டித்தான் விலை வைத்தார்கள். யாரும் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை.

சட்டம் திறந்தால் மட்டும் ஆகிவிடுமா? நம் டிசைனர் விஷயத்தில் அந்தக் கதவுக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது. இன்டெல் கார்டுகளில் 6 கிகாஹெர்ட்ஸ் வேலை செய்ய விண்டோஸ் 11 வேண்டும். நாலாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலிலேயே கிடையாது. ஆக, டெல்லி அனுமதித்தாலும் அவர் மெஷின் அனுமதிக்காது. ரூட்டரும் 6 பேச வேண்டும். இணைய இணைப்போடு இலவசமாகக் கொடுத்த ரூட்டர் அதைப் பேசாது.

மிச்சம் இருப்பது 5 கிகாஹெர்ட்ஸின் 2402. அதுவும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனல் கிடைத்தால்தான். சாதாரண ரூட்டர் கொடுப்பது 80, அப்போது 1201. அதுவும் காற்றில் பேசும் வேகம்தான், கோப்பு நகரும் வேகம் கிடையாது. வைஃபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சுக்கு நடுவே இடைவெளி, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில், இதெல்லாம் போக, கைக்கு வருவது பாதிக்குச் சற்று மேல். அதுவும் ரூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால். அவர் கட்டும் இணையத் திட்டமோ 100 மெகாபிட்.

சரி, டிசைன் கோப்பு எவ்வளவு பெரிசு? 240 கொக்கி ஜக்கார்டு, ஒரு முந்திக்கு 2000 அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,80,000 இடங்கள், ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு அல்லது இல்லை. அதாவது 4,80,000 பிட், 60,000 பைட். மொபைலில் எடுத்த ஒரு போட்டோ இதைப்போல நாற்பது, ஐம்பது மடங்கு வரும். மாதக்கணக்கில் தறியில் ஓடப்போகும் ஒரு டிசைனின் மொத்தத் தகவலும் அவ்வளவுதான். இதை அனுப்ப 9300 எதற்கு? (அந்த 9300ம் இதே மாதிரிக் கூட்டல்தான்: 5764, 2882, 688. அந்த முதல் எண்ணுக்கு 6 கிகாஹெர்ட்ஸில் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் வேண்டும். நம் 2025 வரைவு விதி சொன்ன 500 மெகாஹெர்ட்ஸில் அந்த அகலத்துக்கு ஒன்றே ஒன்றுதான் வைக்க முடியும். வைஃபை 7ல் ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளோடு தொடர்பு வைக்கும் வசதி நிஜமாகவே இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு வைஃபை 7 ரூட்டரும் விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பும் வேண்டும்.)

பெரிய எண் யாருக்குமே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். கல்யாண வீடியோ எடிட் செய்பவர், அதே அறையில் இருக்கும் சேமிப்புப் பெட்டியிலிருந்து நூறு நூறு ஜிபியாக இழுப்பவர், அவருக்கு 160 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம் தெரியும்.

இனி, பெட்டி சொல்லாமல் விடுகிற விஷயம். என் பார்வையில் பொய்யைவிட இதுதான் பெரிய குறை. சிப் எது என்பதைப் பல பெட்டிகள் முகப்பில் போடுவதில்லை. கம்பெனி பெயர், மாடல் பெயர், எண், ஒரு டிராகனோ மின்னலோ. ஆனால் கார்டு என்பதே அந்தச் சிப்தான், மற்றதெல்லாம் பொட்டலம். மாடல் பெயரை நம்பவும் முடியாது. டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி அடாப்டர் இதற்குப் பேர்போன உதாரணம். முதல் பதிப்பில் ஆத்திரோஸ் சிப். லினக்ஸ்காரர்கள் தேடித்தேடி வாங்கியது. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப். பெயர் அதே, தோற்றமும் ஏறக்குறைய அதே, பின்னால் பொடி எழுத்தில் ‘வி2’ என்பது மட்டும் வேறு. பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டுப் புதியதை வாங்கியவர்கள் டிரைவர் தேடி அலைந்தார்கள்.

சிப் தெரிந்தால் மூன்று விஷயம் உடனே தெரிந்துவிடும். ஒன்று, லினக்ஸில் தானாக வேலை செய்யுமா: ஏஎக்ஸ்200க்கு 5.1 கெர்னலும், ஏஎக்ஸ்210க்கு 5.10ம் இருந்தால் போதும். இரண்டு, உங்கள் மதர்போர்டில் ஓடுமா. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 என்று அடுத்தடுத்த எண்கள். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஏஎக்ஸ்200 முழுமையான கார்டு. ஏஎக்ஸ்201ல் பாதி வேலையை இன்டெல் சிப்செட்டுக்குள் வைத்துவிட்டார்கள். அந்த ஏற்பாடு இருக்கும் இன்டெல் போர்டில் மட்டும்தான் அது உயிர் பெறும். ஏஎம்டி போர்டிலோ, நம்மவரின் பழைய போர்டிலோ போட்டால் வெறும் தகடு. ஏஎக்ஸ்210, 211 ஜோடியும் இப்படித்தான். ஆன்லைனில் ‘201’ கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், லேப்டாப்பிலிருந்து கழற்றியது. ஒரே ஓர் இலக்கத்தில் பணம் போய்விடும். மூன்றாவது, விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு: ஏஎக்ஸ்210க்கு அதில் டிரைவர் கிடையாது.

“சிறந்த பத்து வைஃபை கார்டுகள்” வகைக் கட்டுரைகள் இந்த இடத்தில் உதவும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் அவை பெட்டியையே திருப்பிச் சொல்கின்றன. கீழே இருக்கும் இணைப்பைச் சொடுக்கி வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன். அதை விடுங்கள், என் புகார் அது இல்லை. நிஜமாகவே சோதித்து எழுதுகிற நல்ல கட்டுரைகள்கூட யாருடைய வீட்டில் சோதிக்கின்றன என்பதுதான். அமெரிக்க வீட்டு உள்சுவர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. வைஃபை அதைத் தாண்டுவதே தெரியாது. நம் சுவர் செங்கல். காஞ்சிபுரத்துப் பழைய வீடாக இருந்தால் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பட்டையான செங்கல் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ். புதியதாக இருந்தால் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் இவற்றைத் தாண்டும்போது 2.4ஐவிட அதிகமாகவே சோர்ந்து போகும். அந்தக் கட்டுரையில் முதலிடம் வாங்கிய கார்டு இங்கேயும் முதலிடம் வாங்கும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை.

நெசவு வீட்டின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னால் திண்ணை, உள்ளே வெளிச்சம் வரும் இடத்தில் தறி, பின்னால் அடுப்படி, கடைசியில் கொல்லை. ஃபைபர் தெருக் கம்பத்திலிருந்து வருவதால் ரூட்டர் வாசல் பக்கம் ஆணியில் தொங்கும். டிசைன் போடும் இடமோ தறிச் சத்தம் கேட்காத மாடிப் பின்னறை. நடுவே இரண்டு சுவர், ஒரு தளம், ஒரு இரும்பு பீரோ. “ஜரிகை வெள்ளிதானே தம்பி, சேலை அடுக்கியிருக்கிற பீரோதான் சிக்னலைத் தின்னுதோ?” என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் பீரோவே இரும்பு. அது தடுத்த பிறகு உள்ளே ஜரிகை இருந்தாலென்ன, பருத்தி இருந்தாலென்ன.

மொபைலில் ஒரு வைஃபை அனலைசர் செயலி போட்டு, அறையில் ஒவ்வொரு இடமாக வைத்துப் பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம் அளவில் இருந்தால் வீடியோ கால் நன்றாக ஓடும். மைனஸ் 80க்குப் போய்விட்டால் எந்த எண் போட்ட கார்டும் தடுமாறும். இதில் 3 குறைந்தாலே சக்தி பாதியாகிவிடுகிறது என்று அர்த்தம். ஆகவே 67க்கும் 80க்கும் உள்ள தூரம் பார்க்கச் சிறியது, உண்மையில் இருபது மடங்கு.

அவர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நகம் அளவு யூஎஸ்பி அடாப்டர் ஒன்று, 2.4 மட்டும் பேசுவது, கேபினெட்டின் பின்பக்கம் செருகியிருந்தது. பக்கத்துத் துளையில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல்லே 2012ல் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஆக ஒரு பக்கம் ஹார்ட் டிஸ்க்கின் கூச்சல், ஒரு பக்கம் சுவர், முன்னால் முழு இரும்புப் பெட்டி. அந்த அடாப்டர் இவ்வளவு நாள் வேலை செய்ததே பெரிசு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அடாப்டரை ஒரு நீட்டிப்பு ஒயரில் மாட்டி மேஜை மேலே வைத்தோம். அன்று மாலையே கால் அறுபடவில்லை. செலவு, அந்த ஒயர்.

கார்டு உள்ளே போவது நல்லது, வெளியே தொங்கும் யூஎஸ்பி மட்டம் என்ற பொதுக் கருத்தும் இந்த இடத்தில்தான் ஆட்டம் காண்கிறது. உள் கார்டு நிலையானது, சூடு தாங்கும், தட்டிவிட்டால் உடையாது. எல்லாம் சரி. ஆனால் பெரும்பாலான கார்டுகளில் ஆன்டெனாவை நேராகக் கார்டின் முதுகில் திருக வேண்டும். அது போய் நிற்கும் இடம் கேபினெட்டுக்கும் சுவருக்கும் நடுவே, தரைக்கு அரை அடி மேலே. வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர். ஆன்டெனா ஒரு சாண் நகர்ந்தாலே நிலைமை மாறும். எனவே ஆன்டெனா தனியாக, ஒரு மீட்டர் ஒயரோடு, அடியில் காந்தம் வைத்து வரும் கார்டை எடுங்கள். பீரோவின் தலைமேல் ஒட்டி வைக்கலாம். தடையாக இருந்த பீரோ அப்போது தாங்கும் மேடை.

அடுத்த வாரம் கார்டே வாங்கிவிடலாம் என்றார், 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டும் என்பதற்காக. அக்கம்பக்கத்து வீடெல்லாம் 2.4ல் நெருக்கியடிக்கிறது. ஒன்றோடொன்று மோதாத சேனல் அதில் மூன்றுதான், 1, 6, 11. அந்தக் காரணம் நியாயமானது. ஏஎக்ஸ்210 சிப், காந்த ஆன்டெனா, பெட்டியில் என்ன எண் இருந்தாலும் கண்டுகொள்ள வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். 6 கிகாஹெர்ட்ஸ் அவருக்குப் பயன்படாது. 200 சிப் போட்டது குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதையே வாங்கலாம் என்றும் சேர்த்தேன்.

கேபிள் இழுத்துவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாமே என்று சிலர் நினைப்பீர்கள். உண்மைதான். சாதாரண கேட் 5இ கேபிளே நூறு மீட்டர் வரை கிகாபிட் போகும், பக்கத்து வீட்டோடு சண்டை கிடையாது. எனக்கு வழி இருந்தால் எப்போதும் கேபிள்தான். ஆனால் அது வாடகை வீடு. சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. படிக்கட்டு வழியாக இழுத்தால் கீழே தறிக்காரர்கள் போக வர இடறும்.

வாங்குவதற்கு முன் கேபினெட்டைத் திறந்து பார்த்தோம். பலகையில் வெள்ளையாக நீளமாக ஒரு துளை இருக்கும், அது பழைய பிசிஐ, இந்தக் கார்டு அதில் நுழையாது. சின்னதாக இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை வேண்டும், அல்லது கிராஃபிக்ஸ் கார்டுக்கான பெரிய துளை காலியாக இருந்தால் அதிலும் போடலாம். அவருக்குப் பெரியது காலி. புளூடூத் வேண்டுமென்றால் கார்டிலிருந்து ஒரு ஒயரை மதர்போர்டின் ஒன்பது முள் யூஎஸ்பி இணைப்பில் மாட்ட வேண்டும், ஏனென்றால் இந்தக் கார்டுகளில் வைஃபை ஒரு வழியிலும் புளூடூத் யூஎஸ்பி வழியிலும் போகிறது. பெட்டியில் இதையும் சொல்வதில்லை. “புளூடூத் வேலை செய்யவில்லை” என்று ஒற்றை நட்சத்திரம் கொடுப்பவர்களில் பலர் அந்த ஒயரை மாட்டாதவர்கள்தான். அவர் மெஷினில் அந்த முள்ளில் முன்பக்க யூஎஸ்பி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பென்டிரைவ் செருகுவது அங்கேதான், அட்டை குத்துபவரிடம் டிசைன் போவதும் அந்தப் பென்டிரைவில்தான். புளூடூத் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.